ஆட்டத்துக்குக் காவல், வீட்டுக்குச் சாவி: ஆன்டி-சீட் மென்பொருளை எப்படிக் கையாள்வது?

கேம் ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது ஒரு கட்டத்தில் திரை முழுக்க மங்கி, நடுவில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் வெளிச்சமாக நிற்கும். இந்த ஆப் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்யலாமா என்று கேட்கும். அட்மின் பாஸ்வேர்டு பெரியவர்களிடம் இருக்கும் வீடுகளில் சரியாக இந்த இடத்தில்தான் குரல் வரும்: "அப்பச்சி, பாஸ்வேர்டு மட்டும் போட்டுட்டுப் போங்க, கேம் அப்டேட்தான்." அவரும் போட்டுவிட்டுப் போய்விடுவார். பகலெல்லாம் கடைக் கணக்கு ஓடிய பெட்டி அது. டேலி பேரேடு, ஜிஎஸ்டி தாக்கல், நெட் பேங்கிங், சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பிய பத்திர நகல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

அந்த பாஸ்வேர்டோடு உள்ளே போவது பல சமயம் கேம் மட்டும் இல்லை. ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருளும் கூடவே போகிறது. இன்றைய போட்டி ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் அது விண்டோஸின் உட்கருவான கெர்னல் வரைக்கும் இறங்குகிறது. இதற்குப் பல தீர்வுகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் உருப்படியானது ஒன்றுதான்: ஆட்டமும் கணக்கும் ஒரே விண்டோஸில் இருக்கக் கூடாது. அதை எப்படிச் செய்வது, முடியாவிட்டால் அடுத்தபடியாக என்ன செய்வது என்பதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

வளவும் கொத்துச்சாவியும்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பைத் தாண்டினால் வளவு. வளவைச் சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பூட்டோடு ஓர் அறை. வளவு எல்லோருக்கும் பொது, அறை அவரவருக்கு. விண்டோஸில் ஒவ்வொரு யூசர் கணக்கும் இப்படி ஓர் அறை. பிரவுசர், டேலி, கேம் எல்லாம் அந்த அறைக்குள் ஓடுபவை. இதை யூசர் மோட் என்பார்கள். எல்லா அறைக்கும் கொத்துச்சாவி இருக்கும் இடம் கெர்னல். மெமரி, டிஸ்க், கீபோர்டு, நெட்வொர்க் என எதுவானாலும் அதன் கைவழியாகத்தான் போகும்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைப் படிக்க ஒரு கேமுக்குக் கெர்னல் தேவையே இல்லை. உங்கள் கணக்கில் ஓடும் எந்தப் புரோகிராமும் உங்கள் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இருப்பதை அதனால் பார்க்க முடியும். ஆகவே "இது யூசர் மோட் ஆன்டி-சீட்தான், பயமில்லை" என்பதும் அரைகுறை ஆறுதல். கெர்னலுக்குள் போவதால் கூடுதலாகக் கிடைப்பவை வேறு: மற்ற யூசர் கணக்குகளின் ஃபைல்கள், அவற்றில் ஓடும் புரோகிராம்களின் மெமரி, எந்தக் கணக்கில் தட்டினாலும் ஒவ்வொரு விசை, வேறு டிரைவர்களை (கெர்னலுக்குள் ஓடும் துணை மென்பொருள்களை) ஏறவிடாமல் தடுக்கும் அதிகாரம். அதனால்தான் "பையனுக்குத் தனி யூசர் கணக்கு போட்டுக் கொடுத்துவிட்டேன்" என்பது இங்கே காப்பாற்றாது.

இதையெல்லாம் பார்க்க முடியும் என்பதால் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடாது. ஓடும் புரோகிராம்களின் பட்டியல், டிரைவர்களின் பட்டியல், வன்பொருளின் அடையாள எண்கள், கேமின் சொந்த மெமரி ஆகியவைதான் இவை வழக்கமாகச் சோதிப்பவை. ஆட்டத் திரையைப் படம்பிடிப்பது பங்க்பஸ்டர் என்ற பழைய ஆன்டி-சீட்டின் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். கெர்னலுக்குள் இறங்க அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது. ஏமாற்றுக் கருவிகள்தான் முதலில் அங்கே குடிபுகுந்தன. கொத்துச்சாவி வைத்திருக்கும் திருடனைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் காவல்காரனால் பிடிக்க முடியாது. இந்த வாதத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் காவல்காரனுக்குக் கொடுத்த சாவி தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன.

2013-ல் ஈஎஸ்ஈஏ என்ற கவுன்டர் ஸ்டிரைக் போட்டித் தளத்தின் ஆன்டி-சீட் மென்பொருளுக்குள் ஊழியர் ஒருவர் பிட்காயின் தோண்டும் நிரலைச் சேர்த்து, ஆடுபவர்களின் கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டினார். அமெரிக்காவின் நியூ ஜெர்சி அரசு வழக்குத் தொடுத்து 10 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. 2016-ல் கேப்காம் நிறுவனம் ஸ்டிரீட் ஃபைட்டர் 5-க்கு அனுப்பிய ஒரு டிரைவர், கணினியில் உள்ள எந்தப் புரோகிராமும் கெர்னல் அதிகாரத்தில் நிரல் ஓட்ட வழி திறந்துவைத்திருந்தது. வெளியே தெரிந்ததும் திரும்பப் பெற்றார்கள். 2022-ல் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கென்ஷின் இம்பாக்ட் ஆட்டத்தின் ஆன்டி-சீட் டிரைவரை கணினியைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று எடுத்துப்போய், அந்த ஆட்டமே இல்லாத கணினியில் ஏற்றி, ஆன்டிவைரஸை நிறுத்தப் பயன்படுத்தியதைக் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோ கண்டுபிடித்தது. முறையாகக் கையெழுத்திட்ட டிரைவர் என்பதால் விண்டோஸ் அதை நம்பி ஏற்றியது.

ஆகவே கேம் ஆடாதவர்களும் இப்போதே ஒரு காரியம் செய்துவிடலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி', அதற்குள் 'கோர் ஐசொலேஷன்'. அங்கே 'மெமரி இன்டெக்ரிட்டி'யும் 'வல்னரபிள் டிரைவர் பிளாக்லிஸ்ட்'டும் ஆன் நிலையில் இருக்க வேண்டும். மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆக மறுத்தால் ஏதோ ஒரு பழைய டிரைவர் தடுக்கிறது என்று பொருள்; அதன் பெயரையும் அங்கேயே காட்டும். பெரும்பாலும் பழைய பிரின்டர், ஃபேன் வேகத்தை மாற்றும் மென்பொருள், மதர்போர்டு விளக்கு மென்பொருள் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

எந்த ஆட்டத்தில் எது வருகிறது

வாலரன்ட்: 2020-லிருந்து ரயட் நிறுவனத்தின் வான்கார்டு. கணினி ஆன் ஆகும்போதே ஏறிக்கொள்ளும், ஆட்டம் ஆடினாலும் ஆடாவிட்டாலும் இருக்கும். 2024 மே மாதம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்துக்கும் இதே வந்தது. பப்ஜியின் கணினிப் பதிப்பு, ரெயின்போ சிக்ஸ் சீஜ் ஆகியவற்றில் பேட்டில்ஐ. ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் ஈஸி ஆன்டி-சீட். இவை இரண்டும் கெர்னலுக்குள் போகும், ஆனால் ஆட்டத்தோடு வந்து ஆட்டத்தோடு போய்விடும். கால் ஆஃப் டூட்டியின் ரிகோஷேவும் அப்படியே. பேட்டில்ஃபீல்டு 6-ல் ஈஏ நிறுவனத்தின் ஜாவலின். ஹெல்டைவர்ஸ் 2-ல் கேம்கார்டு.

கவுன்டர் ஸ்டிரைக் 2-ன் ஆன்டி-சீட்டான வாக் யூசர் மோடில் இயங்குவது. ஆனால் விடுதிப் பசங்களில் பாதிப்பேர் அதை ஃபேஸ்இட் தளத்தின் வழியாக ஆடுகிறார்கள். ஃபேஸ்இட் தன் சொந்தக் கெர்னல் டிரைவரைக் கொண்டுவரும். ஆட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவுசெய்தால் இதைத் தவறவிடுவீர்கள்.

ஜிடிஏ ஆன்லைனுக்கு 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்தது. கதையை மட்டும் தனியாக ஆடுபவர்களுக்கு அது தேவையில்லை. ராக்ஸ்டார் லாஞ்சரின் செட்டிங்ஸில் ஆட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பேட்டில்ஐயை நிறுத்தும் வசதி இருக்கிறது.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஆட்டம் வாங்குவதானால் வேலை எளிது. 2024 அக்டோபர் இறுதியிலிருந்து, கெர்னல் ஆன்டி-சீட் உள்ள ஆட்டங்கள் அதைக் கடைப் பக்கத்தில் சொல்லியாக வேண்டும். விலை இருக்கும் இடத்திலிருந்து கீழே இறங்கினால் வலப்பக்கப் பட்டியில் மஞ்சள் கட்டமாக இருக்கும். ஆட்டத்தை நீக்கிய பிறகு ஆன்டி-சீட்டைத் தனியாகக் கையால் நீக்க வேண்டுமா என்பதையும் அந்தக் கட்டத்திலேயே பார்க்கலாம்.

பெட்டிக்குள் இப்போது யார் இருக்கிறார்கள்

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள். இடப்பக்கம் 'சாஃப்ட்வேர் என்விரான்மென்ட்', அதன் கீழ் 'சிஸ்டம் டிரைவர்ஸ்'. சில நூறு வரிகள் வந்து விழும். மிரள வேண்டாம்; 'ஃபைல்' என்ற தலைப்பைச் சொடுக்கினால் இருப்பிடவாரியாக வரிசை மாறும். விண்டோஸின் சொந்த டிரைவர்கள் ஏறக்குறைய எல்லாமே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று தொடங்குபவை தனியாகப் பிரிந்து நிற்கும். வெளியாட்களைத் தேட வேண்டிய இடம் அதுதான். வான்கார்டு இருந்தால் வி, ஜி, கே என்ற மூன்று எழுத்துப் பெயரில் ஒரு வரி இருக்கும்.

அடுத்து 'ஸ்டார்ட் மோட்' பத்தியைப் பாருங்கள். 'பூட்' அல்லது 'சிஸ்டம்' என்றிருந்தால் கணினி எழும்போதே ஏறுவது. 'மேனுவல்' என்றால் யாராவது கூப்பிட்டால்தான் வரும். வான்கார்டுக்கு 'சிஸ்டம்' என்று இருக்கும். பேட்டில்ஐ, ஈஸி ஆன்டி-சீட் டிரைவர்கள் ஆட்டம் ஓடாத நேரத்தில் பட்டியலில் தென்படாமலே போகலாம். ஆட்டத்தைத் திறந்து, ஆல்ட்-டேப் அழுத்தி வெளியே வந்து பார்த்தால் தெரியும்.

புதிய ஆட்டம் போடுவதற்கு முன்னால் 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து இந்தப் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு இன்னொன்று. ஐந்தொகை சரிபார்ப்பதுபோல இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிதாக ஏறியது எது என்பது புலப்படும்.

பயாஸில் கைவைக்கும் முன்

வாலரன்ட் விண்டோஸ் 11-ல் ஓட டிபிஎம் 2.0-வும் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) செக்யூர் பூட்டும் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் எழும்பவிடும் வசதி) வேண்டும். பேட்டில்ஃபீல்டு 6-ம் செக்யூர் பூட் கேட்கும். இவை இல்லாவிட்டால் வாலரன்ட் 'வேன் 9001', 'வேன் 9003' என்ற பிழைகளைக் காட்டும். யூடியூப் வீடியோவைப் பார்த்துக்கொண்டே, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். மறுநாள் காலையில் கடைக் கணக்கு திறக்காது. ஆன்டி-சீட்டால் வீடுகளில் நேரும் நிஜமான நஷ்டம் பெரும்பாலும் வேவு பார்ப்பதால் வருவதில்லை, இந்த இடத்தில்தான் வருகிறது. அதனால் வரிசை தவறாமல் செய்யுங்கள்.

முதல் வேலை, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரிக்கவரி கீ. 48 இலக்கம். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். உங்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பயாஸில் செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ மாற்றியதும் நீலத் திரையில் இந்த எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் 'டிவைசஸ்' பகுதிக்குப் போய் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்து வைப்பதைவிடக் காகிதம் மேல். பெட்டகத்தில் பத்திரங்களோடு வைத்துவிடலாம். விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக 'சஸ்பெண்ட்' செய்துவிட்டு பயாஸுக்குப் போவது நல்லது.

அடுத்து, அதே சிஸ்டம் இன்ஃபர்மேஷனின் முதல் பக்கத்தில் 'பயாஸ் மோட்' என்ற வரி. 'யூஇஎஃப்ஐ' என்றிருந்தால் பிரச்சினை இல்லை. 'லெகஸி' என்றிருந்தால் நிறுத்துங்கள். பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க் அது. பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய முறையில் எழும்பவிடும் அமைப்பை) நிறுத்திய நிமிடமே விண்டோஸ் எழும்பாது. அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம், தரவு அழியவில்லை. சிஎஸ்எம்மைத் திரும்ப ஆன் செய்தால் பழையபடி எழும்பும். நிரந்தரத் தீர்வாக டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உண்டு. ஆனால் முழு பேக்கப் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

டிபிஎம் என்ற பெயரிலேயே பயாஸில் இருக்கும் என்று தேட வேண்டாம். இன்டெல் போர்டுகளில் பிடிடி, ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். பக்கத்திலேயே 'கிளியர் டிபிஎம்' என்று ஒன்று நிற்கும். அதை அழுத்தினால் பிட்லாக்கர் சாவியும் விண்டோஸ் பின் எண்ணும் அங்கிருந்து போய்விடும்.

இன்னொரு குழப்பம் அடிக்கடி வரும்: பயாஸில் செக்யூர் பூட் 'எனேபிள்டு', விண்டோஸிலோ 'ஆஃப்'. சாவிகள் ஏறாமல் 'செட்டப் மோடில்' நின்றுபோனதுதான் காரணம். செக்யூர் பூட் பகுதியில் ஃபேக்டரி கீக்களைத் திரும்ப ஏற்றும் வசதி இருக்கும். அதைக் கொடுத்து, சேமித்து வெளியே வந்தால் சரியாகிவிடும். பயாஸையே அப்டேட் செய்யச் சொன்னால் யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு செத்துப்போக வாய்ப்புண்டு. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

செக்யூர் பூட்டும் டிபிஎம்மும் அந்தரங்கத்துக்கு எதிரி என்று சிலர் சொல்கிறார்கள். செக்யூர் பூட் உங்களுக்கும் பாதுகாப்புதான். டிபிஎம் கொஞ்சம் வேறு விஷயம். அதற்குள் இருக்கும் தனி அடையாளத்தை ஃபார்மேட் செய்தாலும் மாற்ற முடியாது. தடை பற்றிப் பேசும்போது இதற்கு வருவோம்.

ஆட்டத்துக்குத் தனி விண்டோஸ்

தேவை: 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, ஒரு மதியம். விண்டோஸ் 11-க்கு 64 ஜிபி போதும் என்று எழுதியிருப்பார்கள். இன்றைய ஆட்டங்களின் அளவுக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி ஆறு மாதம்கூடத் தாங்காது.

1. கணக்கு இருக்கும் டிஸ்க்கில் பிட்லாக்கர் ஆன் நிலையில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இது இல்லாவிட்டால் மற்ற எல்லாமே வீண். ஆட்ட விண்டோஸிலிருந்து பக்கத்து டிஸ்க்கைத் திறந்து படிப்பதற்குப் பூட்டே இருக்காது.

2. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றுங்கள். இதைப் பலரும் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தால் புதிய விண்டோஸ் தன் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் எழுதிவிடும். பின்னால் ஒன்றைக் கழற்றினால் மற்றதும் எழும்பாது.

3. புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸை இன்ஸ்டால் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும்போது கடைக் கணக்கைக் கொடுக்காதீர்கள். ஆட்டத்துக்கென்று தனியாக ஒன்று தொடங்குங்கள். ஒரே கணக்கைக் கொடுத்தால் ஒன்டிரைவ் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கும். குரோமில் நுழைந்தால் சேமித்த பாஸ்வேர்டுகளும் வந்துவிடும். இவ்வளவு சிரமப்பட்டுச் சுவர் எழுப்பிவிட்டு நாமே ஜன்னல் வைத்த கதையாகும்.

4. பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டுங்கள். ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்11 அல்லது எஃப்8 (போர்டைப் பொறுத்தது) அழுத்தினால் எந்த டிஸ்க்கிலிருந்து எழும்ப வேண்டும் என்று கேட்கும். கணக்கு டிஸ்க்கையே முதல் வரிசையில் வையுங்கள். ஆடுபவர் விசையை அழுத்தித் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.

5. ஆட்ட விண்டோஸில் நுழைந்தால் கணக்கு டிஸ்க் பூட்டுப் படத்தோடு தெரியும். அங்கே ரிக்கவரி கீயை ஒருபோதும் தட்டாதீர்கள், 'ஆட்டோ அன்லாக்' கொடுக்காதீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்க்கை வலது சொடுக்கி 'ஆஃப்லைன்' ஆக்கிவிட்டால், "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்டுத் தொலைக்கிற ஆபத்தும் இல்லை.

6. இரண்டு விண்டோஸிலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை நிறுத்துங்கள். அது ஆன் நிலையில் இருந்தால் 'ஷட் டவுன்' என்பது பாதித் தூக்கம்தான்.

இதற்கும் எல்லை உண்டு. பூட்டிய டிஸ்க்கைக் கெர்னல் டிரைவரால் படிக்க முடியாது; ஆனால் பழுதான ஒரு டிரைவரால் அதை அழிக்க முடியும். அதனால் பேக்கப் தனியாக, வெளி ஹார்டு டிஸ்க்கில், கணினியிலிருந்து கழற்றிய நிலையில் இருக்கட்டும்.

விர்ச்சுவல் மெஷினுக்குள் (விண்டோஸுக்குள் ஓடும் போலிக் கணினிக்குள்) ஆட்டத்தைப் போடலாமே என்று தோன்றும். வான்கார்டு போன்றவை அதை அனுமதிப்பதில்லை, முயன்றால் கணக்கு தடைபடவும் கூடும். லினக்ஸ் வேறு கதை: ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021 முதல் புரோட்டானில் (விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டும் கருவியில்) ஓட வழி உண்டு, அங்கே அவை கெர்னலுக்குள் போவதில்லை. ஆனால் ஆட்டத்தை உருவாக்கியவர் சம்மதிக்க வேண்டும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024-ல் லினக்ஸை மூடிவிட்டது. வாலரன்ட் அங்கே இல்லவே இல்லை.

ஒரே டிஸ்க், ஒரே லேப்டாப் என்றால்

காரைக்குடி விடுதிகளில் இருக்கும் பெரும்பாலான லேப்டாப்களுக்கு இதுதான் நிலை. ஒரே எஸ்எஸ்டி இடம், அதிலேயே புராஜெக்ட், அதிலேயே வாலரன்ட். முழுத் தீர்வு கிடையாது, சேதத்தைக் குறைக்கலாம்.

வங்கி வேலையைச் செல்போனுக்கு மாற்றிவிடுங்கள். முக்கியமான ஃபைல்களை வெராகிரிப்ட் என்ற மென்பொருளின் பூட்டிய பெட்டிக்குள் வைத்து, வேலை நேரத்தில் மட்டும் திறங்கள். திறப்பதற்கு முன்னால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு வான்கார்டு சின்னத்தை வலது சொடுக்கி 'எக்ஸிட்' கொடுங்கள். பிறகு ஆட வேண்டுமானால் ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். அந்த எரிச்சல்தான் இந்த முறையின் விலை. வரிசையை மாற்றி, வான்கார்டு இருக்கும்போதே பெட்டியைத் திறந்தால் பாஸ்வேர்டையும் அதன் கண்ணெதிரில்தான் தட்டுகிறீர்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் தாக்கல் முடிந்த கையோடு யூஎஸ்பியிலிருந்து பிடுங்கிவிடுங்கள். டோக்கனுக்குள் இருக்கும் சாவி வெளியே வராது. ஆனால் டோக்கன் செருகியபடியே இருந்து, நீங்கள் தட்டிய பின் எண்ணும் யாருக்காவது தெரிந்தால் கையெழுத்து அவர்கள் கையில்.

ஆடும்போது வாட்ஸ்அப் வெப், மெயில் இரண்டையும் மூடிவிட்டு முழுத் திரையில் ஆடுங்கள். ஆட்டோஹாட்கீ போல விசைகளை மாற்றிக்கொடுக்கும் கருவிகள் ஓடினால் பல ஆட்டங்கள் அதை ஏமாற்று வேலையாகவே எடுத்துக்கொள்ளும். தமிழ் தட்டச்சுக்கு விண்டோஸிலேயே இருக்கும் தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

செல்போனில் ஆடுபவர்களுக்குக் கவலை குறைவு. ஆண்ட்ராய்டில் எந்த ஆப்பும் கெர்னலுக்குள் போக முடியாது. பிஜிஎம்ஐ போன்ற ஆட்டங்களுக்குக் கான்டாக்ட்ஸ், லொகேஷன் அனுமதிகளை மறுத்துவிடுங்கள். மைக்கை 'ஆப் பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும்' என்று வையுங்கள். அவ்வளவுதான்.

நீக்கும்போது

வாலரன்ட்டை நீக்கினால் வான்கார்டும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பட்டியலில் 'ரயட் வான்கார்டு' என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஈஸி ஆன்டி-சீட்டுக்கு ஆட்டத்தின் ஃபோல்டருக்குள்ளேயே அதன் செட்டப் ஃபைல் இருக்கும். ஆட்டத்தை முதலில் நீக்கிவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும், அதனால் ஆன்டி-சீட்டை முதலிலும் ஆட்டத்தை அடுத்தும் நீக்குங்கள். முடிந்ததும் சிஸ்டம் டிரைவர்ஸ் பட்டியலைத் திரும்ப எக்ஸ்போர்ட் செய்து, முதலில் எடுத்துவைத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். அந்த வரி மறைந்திருந்தால்தான் நீங்கியதாகக் கணக்கு.

நிறுவனத்தின் சர்வருக்குப் போனதை இந்த வழியில் அழிக்க முடியாது. பெரிய நிறுவனங்களின் உதவிப் பக்கத்தில், உங்களைப் பற்றிய தரவின் நகலைக் கேட்கவும் கணக்கை நீக்கவும் படிவங்கள் உண்டு. முதலில் நகலைக் கேளுங்கள், பிறகு நீக்கச் சொல்லுங்கள். நீக்கிவிட்டால் நகல் கேட்க நுழைவதற்குக் கணக்கே இருக்காது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்த எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பையன் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்கு தொடங்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பு நடைமுறையில் கைக்கு எட்டாது. கணக்கு தொடங்கும் அன்றே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கடைசியாகத் தடை. ஏமாற்றிப் பிடிபட்டவரின் கணக்கை மட்டும் இவர்கள் தடுப்பதில்லை, கணினியையே தடுப்பார்கள். மதர்போர்டு, டிஸ்க், டிபிஎம் ஆகியவற்றின் எண்கள்தான் அடையாளம். யாரோ செய்த காரியத்துக்கு, சென்னை ரிச்சி தெருவிலோ மதுரையிலோ பழைய போர்டு வாங்கி வந்தவர் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஃபார்மேட் செய்தாலும் விண்டோஸை மாற்றினாலும் போகாது. ஆட்டத்துக்கென்றே பழைய பெட்டி வாங்குவதானால், பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே வாலரன்ட்டைத் திறந்து புதிய கணக்கில் ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். 'வேன் 152' என்று திரையில் வந்தால் அந்தப் போர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.